ஏழாம் அறையின் மூச்சு

ஆளில்லாத அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பானுப்பிரியா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பதிவில் இரண்டு விநாடி பின்னால் போய் மறுபடி கேட்டாள். தடித்த சுவர்களுக்கு நடுவே தேங்கிப்போன காற்றின் மெல்லிய ரீங்காரம், எங்கோ வெகுதூரத்தில் அலையா லாரியா என்று சொல்ல முடியாத ஒரு உறுமல், அதற்கப்புறம் மைக்குக்கு மிக அருகில், உதட்டுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லாதது போல, அந்த மூச்சு.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூச்சு வெட்டுவதுதான் அவள் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்த அந்தச் சின்ன ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாகக் குரல் கொடுக்கிறாள். கொடுத்த குரலை அவளே சுத்தமும் செய்கிறாள். நகைக்கடையின் ஆடித் தள்ளுபடி, ஆஸ்பத்திரியின் டோக்கன் அழைப்பு, போனில் காத்திருக்கச் சொல்லும் குரல் என்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பாதிப்பேர் அவள் முகம் தெரியாமலே அவள் சொல்படி வரிசையில் நின்றிருக்கிறார்கள். எதிலும் அவள் மூச்சு கேட்காது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அது கணினித் திரையில் சின்னப் புகைபோல் நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அழித்துவிடுவாள்.

இப்போது கையில் இருந்தது ஒரு அருங்காட்சியக வேலை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய கிடங்கு ஒன்றைத் தனியார் அறக்கட்டளை வாங்கி, பூசி, வெளுத்து, ஊரின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பார்கள். ஒன்பது அறைக்கும் தமிழில் குரல் வேண்டும். ஸ்டுடியோவின் முதலாளி உதயகுமார் போன வாரம் அங்கே போய், ஒவ்வொரு அறையிலும் ரெக்கார்டரை வைத்து ஐந்து நிமிட வெற்று ஒலியைப் பிடித்து வந்திருந்தார். எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. அதனதன் இரைச்சலைக் குரலுக்கு அடியில் மெல்ல விரித்தால்தான் கேட்கிறவருக்கு அந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும்.

"அண்ணா, ஏழாவது ரூம்ல கூட யார்னா இருந்தாங்களா?"

"எது, ஜன்னலே இல்லாம ஒண்ணு கீதே, அதுவா? யாருமில்ல பானு. நானே உள்ள நிக்கல. மெஷின வச்சிட்டு, கதவ சாத்திகினு வெளிய வந்துட்டேன்."

"ஏன்?"

உதயகுமார் வண்டிச் சாவியை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தார். "புழுக்கம்," என்றார். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அவள் அந்த மூச்சை அழித்தாள். அடுத்து இன்னொன்று இருந்தது. சளி கட்டிய மூக்கு. அதையும் அழித்தாள். அதற்கப்புறம், மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, தரையோடு தரையாக ஒன்று. பிறகு அதற்கு மேலே ஒன்று. சின்னக் குழந்தையின் அவசர மூச்சு ஒன்று, அதை அடக்கச் சொல்வதுபோல் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு விடும் பெரிய மூச்சு ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு, தாகத்தோடு, அழுது ஓய்ந்தபின் வரும் மூன்று துண்டு விம்மலோடு. கீழே லேத் இரும்பைச் சீவும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. மழையில் ஊறிய இரும்புத்தூளின் வாடை படியேறி வந்தது. அவள் அழித்துக்கொண்டே இருந்தாள்.

மூச்சு விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. அவள் அப்பா முனியன் முத்தாபுதுப்பேட்டையில் அடுத்தவர் வயலில் வளர்ந்து, வயல்கள் மனைகளான பிறகு எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மணல் சலித்தவர். அந்த மணல் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசி இரண்டு வருடம் ஒரே அறையில், அவர் இழுப்பதையும் விடுவதையும் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்கினாள். ஒரு மூச்சு வலியில் வருவதா, பசியில் வருவதா, பயத்தில் வருவதா என்று இருட்டில் பாயில் படுத்தபடியே சொல்லிவிடுவாள்.

இது பயத்தில் வருவது. எல்லாமே.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அவள் நிமிர்ந்தபோது, திரையில் அந்த ஐந்து நிமிடப் பதிவில் மிச்சமே இல்லை. மூச்சில்லாத ஒரு விநாடிகூட அந்த அறையில் கிடையாது.

வியாழக்கிழமை அந்த அறைக்கான உரை திருத்தத்தோடு வந்தது.

முதலில் வந்திருந்த உரையை எழுதியது பழவேற்காட்டில் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கும் ஒரு அம்மாள். அதில் சுற்றிவளைப்பே இல்லை. பஞ்ச காலத்தில், உப்புக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் தவித்த சனங்களைத் தரகர்கள் பிடித்துவந்து விற்றார்கள், டச்சுக்காரர்கள் வாங்கினார்கள், கடல் கடந்து அடிமைகளாக அனுப்பக் கப்பல் வரும்வரை இந்த அறையில் அடைத்து வைத்தார்கள், பலர் கப்பலைப் பார்க்கவே இல்லை. அதை முதன்முறை படித்தபோது பானுப்பிரியா ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தாள்.

திருத்தத்தில் மூன்றே வாக்கியங்கள். 'பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு இந்த அறை அடைக்கலம் தந்தது. டச்சு வணிகர்களின் பாதுகாப்பில் அவர்கள் இங்கே தங்கினார்கள். புதுவாழ்வு தேடி அவர்கள் விரும்பிக் கப்பலேறினார்கள்.'

அவள் கடைசி வாக்கியத்தை இன்னொருதரம் படித்தாள். விரும்பி. அந்த வார்த்தையை அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பதினாலு வயதில், அப்பா முன்பு வேலைசெய்த நிலக்காரர் வீட்டில் பெரியவருக்கு நூற்றாண்டு மலர் போட்டார்கள். அதில் ஒரு புகைப்படத்தில், மேல்சட்டை இல்லாமல் மண்வெட்டியோடு அப்பா நின்றார். கீழே, 'மூன்று தலைமுறையாக நம் குடும்பத்துக்கு விரும்பி உழைத்த விசுவாசி' என்று போட்டிருந்தது. பெயர் போடவில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள்தான் பெருமையாக உரக்கப் படித்தாள். அவர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னொருதரம் படிக்கச் சொன்னார்.

"விரும்பியா? என்னிய யாரு கேட்டாங்க?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

"இதப் பேச முடியாதுண்ணா," என்றாள் உதயகுமாரிடம்.

"பானு, அவங்க சொல்றத நாம பேசறோம். நகைக்கட வெளம்பரத்துல சொல்றதெல்லாம் நெசமா இன்னா?"

"அது நகைண்ணா. இது ஆளுங்க."

"ஒரே ஒரு ரூம்தான். பேசிட்டு வா. எனக்காவ."

அவள் போனாள். ஸ்டுடியோவின் ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு, சுவரெல்லாம் பஞ்சும் நுரையும் ஒட்டிய குரல்பெட்டி. கனமான கதவு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், பதிவு நடக்கும்போது ஏசி கிடையாது. கதவைச் சாத்தியதும் லேத், தெரு, மழை எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். தன் காதுக்குள் ஓடும் ரத்தம்தான் கேட்கும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏழாம் அறையின் வெற்று ஒலியைக் குறைவாக வைத்துக்கொண்டாள். அழித்ததெல்லாம் அசல் பதிவில் அப்படியே இருந்தது. இழுத்தன, விட்டன, இழுத்தன.

முதல் இரண்டு வாக்கியத்தையும் சொன்னாள். குரல் பிசகவில்லை. மூன்றாவதற்கு வாயைத் திறந்தாள்.

"புதுவாழ்வு தேடி அவர்கள்..."

மூச்சுகள் நின்றன.

அத்தனையும். ஒரே நேரத்தில். எவ்வளவு வெட்டியும் அவளால் கொண்டுவர முடியாத அமைதி தானாக வந்து நின்றது. அது காலி அறையின் அமைதி இல்லை. ஒரு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பின்கழுத்தில், முடி முடியும் இடத்தில், வெதுவெதுப்பாக ஏதோ நெருங்கியது. வியர்வை நெடி. பல நாள் கழுவாத துணியின் நெடி. உப்பு.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"நான் சொல்லல," என்றாள், உதயகுமாரிடம்தான் சொல்கிறோமா என்று அவளுக்கே தெரியாமல்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜெயராமன் வந்தார். அறக்கட்டளையின் செயலாளர், பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்று, காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர். கஞ்சி போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடிக்கு மேல் சந்தனக் கீற்று, கையில் ஒரு இனிப்புப் பெட்டி. சனிக்கிழமை மதியத்துக்குமேல் பட்டறை மூடிவிடும். கட்டடமே அமைதியாக இருந்தது. மழை விட்டு, வெளியே வெயில் மஞ்சளாக அடித்தது.

"நீதானாம்மா அந்தக் குரல்? எங்க ஃப்ளாட் லிஃப்ட்லகூட நீதான்னு உதயகுமார் சொன்னார். 'கதவு மூடுகிறது'. தினமும் நாலு தடவை கேக்கறேன்." சிரித்தார். நல்ல சிரிப்புதான். "ஏழாவது ரூம் மட்டும் பாக்கியாமே. என்ன சிரமம்?"

"அந்த வரி பொய் சார்."

உதயகுமார் தரையைப் பார்த்தார். டீ வாங்கி வருவதாக முணுமுணுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

"பொய் இல்லம்மா. சொல்ற விதம்," என்றார் ஜெயராமன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "குழந்தை குட்டியோட வருவாங்க. வெளிநாட்டுலேர்ந்து வருவாங்க. எல்லாரையும் அழவெச்சா அனுப்பறது? பழசக் கிளறி யாருக்கு என்ன லாபம்?"

"விரும்பிப் போனாங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"விரும்பலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நானூறு வருஷம் ஆச்சு. யாராவது வந்து சொன்னாங்களா?"

அவள் ஹெட்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஏழாம் அறையை முழுச் சத்தத்தில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். திரையில் அலை எழுந்து அடங்கி எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அவளுக்கே, ஹெட்போனின் ஓரத்தில் கசியும் அந்தக் குழந்தையின் அவசர மூச்சு கேட்டது.

"நல்லாருக்கே," என்றார் அவர் கண்ணைத் திறந்து. "அமைதியா இருக்கு."

அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. பயம் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். இல்லை, கோபம். அது அப்பாவின் வயதைவிடப் பழையது. அவளுடையது மட்டும் இல்லாதது.

"நீங்களே பேசிடுங்க சார்," என்றாள். "உங்க குரல் நல்லாருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. "எங்க கோயில் விசேஷத்துக்கெல்லாம் நான்தான்மா மைக்ல," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். குரல்பெட்டிக்குள் போய், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தினாள். பூட்டு எதுவும் இல்லாத கதவு, தள்ளினால் திறக்கும். தன் இடத்துக்கு வந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பதிவை ஓடவிட்டாள்.

அவர் கணீரென்று பேசினார். முதல் வாக்கியம். இரண்டாவது. "புதுவாழ்வு தேடி அவர்கள் விரும்பிக் கப்பலேறினார்கள்." நிறுத்தினார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பதிவு சுத்தமாக இருந்தது. அதுவே போதும். அவளுக்குத் தெரியும், அதுவே போதும். ஆனால் அவர் முடித்த பிறகு, அவர் வாய் மூடியிருக்கும்போது, அவளுடைய காதுக்குள் ஒரு சத்தம் வந்தது. மிகப் பெரிய கூட்டம் ஒன்று ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

அவள் உள்ளே பேசும் பொத்தானை அழுத்தினாள். "இன்னொருதரம் சார். கடைசி வரி மட்டும்."

"புதுவாழ்வு தேடி அவர்கள் விரும்பிக்..." இருமினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "காத்து கொஞ்சம் கம்மியா இருக்கும்மா. ஏசி போட முடியுமா?"

"ரெக்கார்டிங்ல போட முடியாது சார். சத்தம் வந்துரும்." உண்மைதான் அது. "இன்னொருதரம்."

"புதுவாழ்வு தேடி அவர்கள்..."

நின்றுவிட்டார். நெற்றி வியர்வையில் சந்தனம் கரைந்து மூக்கோரம் இறங்கியது. வாயால் காற்றை வாங்கப் பார்த்தார். தோள் உயர்ந்தது. நெஞ்சு உயரவில்லை. அவர் இழுத்ததெல்லாம் அவருக்கு வருவதற்கு முன்னால் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. திரையில் அலை, ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து போய்க் கதவைத் திற. அவளுக்குத் தெரிந்தது. மூன்று எட்டு. அவ்வளவுதான் தூரம்.

"விரும்பின்னு சொல்லுங்க சார்," என்றாள். அவள் குரல் நிதானமாக இருந்தது. லிஃப்டில் கேட்கும் குரல். "அந்த வார்த்தைதான் விட்டுப்போச்சு."

"புது..."

"இன்னொருதரம்."

அவர் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்து, இரண்டு தோளையும் யாரோ நெருக்குவதுபோல் ஒடுங்கிக்கொண்டார். முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்தார். தலை குனிந்தார். அவ்வளவு பெரிய மனிதர் நாற்காலியில் பாதியாகிப்போனார். இடமில்லாமல் உட்காருகிறவர் போல. இந்தப்பக்கம் ஒரு ஆள், அந்தப்பக்கம் ஒரு ஆள், மடியில் ஒரு ஆள் இருப்பது போல.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. தன்னைப் பற்றிய பயம். பொத்தானிலிருந்து விரலை எடுக்கப் பார்த்தாள். முதலில் வரவில்லை. எடுத்தாள்.

ஹெட்போனில் மூச்சுகள் நின்றன.

அமைதி. பிடித்து வைத்த மூச்சு.

பிறகு ஜெயராமன் வாயைத் திறந்தார். விட்டார்.

ஒரு மனிதன் எவ்வளவு மூச்சு விடுவான்? அவளுக்குத் தெரியும். நாள் முழுக்க அளக்கிறாள். ஐந்து விநாடி. பாட்டுக்காரர்கள் என்றால் இருபது. திரையில் விநாடி ஓடியது. முப்பது. அறுபது. அது குறையவில்லை. ஒரே சீராக, ஈரமாக, கரகரப்பாக, ஒரே ஒரு வெளிமூச்சு. கண்ணாடியின் உள்பக்கம் வெளுத்தது. கீழிருந்து மேலே. பால்போல. நூற்றிருபது விநாடி. அவர் உள்ளே இழுக்கவே இல்லை.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள். கைப்பிடி சுட்டது. தள்ளினாள். திறக்கவில்லை. பூட்டே இல்லாத கதவு. உள்ளேயிருந்து ஒரு பாரம் அதை அழுத்தியது. இழுத்து மூடிய கதவின் பாரம் இல்லை, உடம்புகளின் பாரம், இவள் தள்ளினால் கொஞ்சம் கொடுத்து மறுபடி சாய்ந்துகொள்ளும் பாரம்.

"தள்ளு பானு!"

உதயகுமார் டீத் தூக்கோடு படியில் நின்றார். தூக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் காலைத் தரையில் ஊன்றித் தோளால் தள்ளினார்கள். "இன்னா பண்ண? உள்ள இன்னா பண்ண அவர?"

"பேச சொன்னேன்," என்றாள்.

கதவு திறந்தது.

முதலில் நெடி. பிறகு காற்று. சூடாக, உப்பாக, அவள் முகத்தில் அறைந்து, முடியைப் பின்னால் தள்ளி, மேசையில் இருந்த தாள்களை எல்லாம் எழுப்பிச் சுவரோடு ஒட்டியது. உதயகுமார் பின்னால் சாய்ந்து விழுந்தார். பஞ்சு ஒட்டிய அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஜெயராமனைத் தவிர ஒருவரும் இல்லை. நாற்காலியின் நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இல்லாதவர்களுக்கு இடம்விட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வாய் மட்டும் தாடை தாங்காத அளவுக்குத் திறந்திருந்தது. அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெண்ணின் மூச்சு. கிழவனின் மூச்சு. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, அவர் நெஞ்சு ஒட்டி, விலா எலும்பு சட்டைமேல் வரிவரியாகத் தெரிந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது.

அவர் சாகவில்லை. கண் அவளைப் பார்த்தது. தண்ணீர் கட்டியிருந்தது. அவள் ஏதாவது செய்வாள் என்று காத்துக்கொண்டிருந்தது.

மெல்ல இமைத்தது.